சைக்கிளில் ஊட்டிக்குப் போகலாம். இரவில் எங்கே படுப்பது?

கோடை விடுமுறை விட்டால் போதும். "ஊட்டிக்குப் போவோம்" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கிளம்பிவிடும். பணம் உள்ளவர்கள் காரில் போவார்கள். மற்றவர்கள் பஸ்சில் போவார்கள். காலேஜில் படிக்கும் பையன்கள் சிலர், "நாங்கள் சைக்கிளில் போகிறோம். வழியில் கூடாரம் போட்டுத் தங்கிக்கொள்கிறோம்" என்கிறார்கள்.

அப்பா முறைக்கிறார். அம்மா கண்ணைக் கசக்குகிறார். "மலையிலே யானை இருக்குமேடா!" என்கிறார் பாட்டி.

பாட்டி சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது.

சைக்கிள் பயணம் நல்ல ஆசை. அதற்குப் பெற்றோர் தடை போட வேண்டியதில்லை. செலவு குறைவு. உடம்பு உரம் பெறும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரில் பறப்பவர்களுக்குக் கிடைக்காத மலைக்காற்று, மிதித்து ஏறுகிறவனுக்குத்தான் கிடைக்கும். ஆனால், பையன்கள் போடும் திட்டம் இருக்கிறதே, அதுதான் சரியில்லை!

எஞ்சினுக்கே பல் சக்கரம்

அவர்கள் படத்தைப் பார்க்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி சுமார் 50 கிலோ மீட்டர். "ஊரில் 50 கிலோ மீட்டரை நாலு மணி நேரத்தில் மிதிப்போமே!" என்கிறார்கள். படத்தில் தூரம் தெரியும். ஏற்றம் தெரியாது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடையே ஏற வேண்டியது 1,900 மீட்டர்! இந்த மலையில் ரெயில் விட்டவர்களுக்குச் சாதாரணத் தண்டவாளம் போதவில்லை. 100 அடிக்கு 8 அடி ஏற்றம் வரும் இடங்களில் ரெயில் வழுக்காமல் இருக்க, தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்தார்கள். அதைக் கடித்துக்கொண்டு ஏற, எஞ்சினுக்குப் பல் சக்கரம் மாட்டினார்கள். 1899-ல் குன்னூர் வரை ரெயில் போனது. ஊட்டியைத் தொட 1908 ஆயிற்று. எஞ்சினுக்கே அந்தப் பாடு என்றால், காரியரில் மூட்டை கட்டிய சைக்கிள் என்ன ஆகும்?

பாதி வழியில் கால் சோர்ந்துவிடும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டி வரும். பொழுது சாய்ந்துவிடும். "சரி, இங்கேயே கூடாரம் போடுவோம்" என்று ரோட்டோரம் இறங்குவார்கள்.

ஆபத்து அங்கேதான்.

ரோட்டின் இரு பக்கமும் காடு. கல்லாறு, பர்லியாறு பக்கம் யானைகள் ரோட்டைக் கடக்கும். கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனை பக்கம் பலா பழுத்தால், வாசனை பிடித்து யானைகள் வந்துவிடும். இன்னும் மேலே போனால், தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமையும் கரடியும் நடமாடும். கூடாரத்துத் துணி எதைத் தடுக்கும்?

2021 ஜனவரியில் பக்கத்து வயநாட்டில், மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்கிய ஒரு பெண்ணை யானை கொன்றுவிட்டது. சுற்றுலா வந்தவர்களுக்காகவே போட்ட கூடாரம் அது. யானை மட்டுமா? கோடையில் காட்டில் சருகு காய்ந்து கிடக்கும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ந் தேதி பற்றிய காட்டுத் தீயில், மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். கூடாரத்துக்கு வெளியே சோறு பொங்க வைக்கும் அடுப்பை நினைத்தால் குலை நடுங்குகிறது.

சட்டமும் சும்மா விடாது. காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் புகுவதே குற்றம்.

முதலில் இரவு

ஆகவே, திட்டத்தை இரவில் இருந்து தொடங்க வேண்டும். முதல் நாள் எங்கே படுப்பது? இரண்டாம் நாள் எங்கே? இதை முடிவு செய்து, இடம் பிடித்த பிறகே பகல் கணக்கைப் போட வேண்டும்.

ஊட்டியை ஒரே நாளில் பிடிப்போம் என்ற வீம்பு வேண்டாம். கோத்தகிரி வழியாகப் போகலாம். மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோ மீட்டர். 100 அடிக்குச் சராசரி 4 அடிக்கு மேல் ஏற்றம். நன்றாக விடிந்த பிறகே புறப்பட வேண்டும். இருட்டில் யானை தெரியாது. தள்ளிக்கொண்டே போனாலும் பிற்பகலில் கோத்தகிரி வந்துவிடும். மதியம் 1 மணிக்குப் பாதி வழிகூட ஏறவில்லையா? வெட்கப்படாமல் திரும்பிவிட வேண்டும். இறக்கம்தானே!

கோத்தகிரியில் ஒரு நாள் காலாற வேண்டும். மறுநாள் காலை ஊட்டிக்குக் கிளம்பலாம். மாலையில் கோடை மழை இடியோடு வரும். அதற்குள் ஊர் போய்ச் சேர்வது நல்லது.

மே மாதம் வேண்டாம். சீசனில் மேலே போகும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் போலீசார் திருப்பி விடுவது வழக்கம். அப்போது கோத்தகிரி ரோட்டில் ஏறும் சைக்கிளுக்கு எதிரே வண்டி வெள்ளம்தான்! ஏப்ரல் கடைசியில், வார நாட்களில் போவது மேல். சாமான் ஏற்றிய வேன் பின்னால் வருவதாக இருந்தால், இ-பாஸ் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

கூடாரம்? அனுமதி பெற்ற, வேலி உள்ள இடம் கிடைத்தால் போடலாம். இல்லாவிட்டால் வீட்டிலேயே வைத்துவிட்டு, அந்தப் பாரத்துக்குக் கம்பளி கட்டிக்கொள்ளலாம். லாட்ஜில் படுத்தால் வீரம் குறைந்துவிடும் என்று பையன்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஏறுவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். இறங்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை! பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் கொதிக்கும், ரப்பர் தேயும். கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காமல் போனால் பள்ளம்தான். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். நாலு வளைவுக்கு ஒரு தரம் ஓரமாக நின்று ரிம்மை ஆற விட வேண்டும். புறப்படும் முன்பே, தெரு முனை சைக்கிள் கடையில் நாலு பிரேக் கட்டைகளையும் புதிதாக மாட்டிக்கொள்ள வேண்டும். கூடாரத்தின் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.