பெட்டிச் செய்திக்குள் அடங்காத கெமிஸ்ட்ரி வாத்தியார்

விஞ்ஞானிகளைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் கடைசியில் ஒரு பெட்டிச் செய்தி போடுவார்கள், கவனித்திருக்கிறீர்களா? 'வகுப்பறைக்கு வெளியே' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. ஐன்ஸ்டைன் வயலின் வாசிப்பார், ஃபெய்ன்மன் பாங்கோ தட்டுவார், சத்யேந்திரநாத் போஸ் எஸ்ராஜ் வாசிப்பார். படிக்க ஜாலியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெட்டியின் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஒரு பேராசிரியரின் வேலை கரும்பலகையோடும் லேபோடும் முடிந்துவிடும், மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்று அது நைசாகச் சொல்லிவிட்டுப் போகிறது. எல்லோரையும் விட இதனால் அதிகம் அடிபட்டவர் பிரபுல்ல சந்திர ராய்.

(பி.சி.ராய் என்றதும் மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த டாக்டர் ஞாபகம் வந்தால், அவர் பிதான் சந்திர ராய், வேறு ஆள். தமிழில் எழுதும்போது இரண்டு பேருக்கும் இனிஷியல் ஒன்றாக வந்து தொலைக்கிறது.)

நம் ராய் 1861-ல் பிறந்தவர். எடின்பரோவில் 1887-ல் டி.எஸ்ஸி. வாங்கிவிட்டு வந்து, 1889-ல் கல்கத்தா பிரசிடென்சி காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 250 ரூபாய். அதே படிப்புப் படித்த வெள்ளைக்காரனுக்கு வேறு கிரேடு, வேறு சம்பளம். 1896-ல் மெர்குரஸ் நைட்ரைட் பற்றிய ஆராய்ச்சி. அப்புறம் 'எளிமையாக வாழ்ந்தார், திருமணம் செய்துகொள்ளவில்லை' என்று இரண்டு வரி. சின்னக் குறிப்புகளில் அவர் கதை இத்தோடு முடிந்துவிடும்.

நான் காமர்ஸ் மாணவன். மெர்குரஸ் நைட்ரைட் எனக்குப் பிடிபடாத சமாச்சாரம். எனக்குப் பிடிபடுவது 700 ரூபாய்! அவ்வளவு முதலை வைத்துக்கொண்டு 1892-ல், 91, அப்பர் சர்குலர் ரோடு வீட்டில் இந்த மனிதர் பெங்கால் கெமிக்கல் வொர்க்ஸைத் தொடங்கினார். காலேஜ் விட்டு வந்ததும் தொழிற்சாலை, அப்புறம் கணக்குப் புத்தகம். சோடியம் பாஸ்பேட் தயாரிக்க எலும்பு வேண்டும். கசாப்புக் கடைகளிலிருந்து மாட்டெலும்பு வாங்கி வந்து மொட்டை மாடியில் காயப்போட்டார். மழை வந்தது, நாற்றம் கிளம்பியது, காக்கைக் கூட்டம் இறங்கியது, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். எல்லாம் 1932-ல் வெளிவந்த சுயசரிதையில் அவரே எழுதியிருப்பதுதான். 1890-களின் கல்கத்தாவில், ஒரு காலேஜ் புரொபசர், மாடி நிறைய மாட்டெலும்பு! இதைப் பெட்டிச் செய்தியில் போடுங்கள் பார்ப்போம்.

சரக்கு தயாரித்துவிட்டால் போதுமா? உள்ளூர் மருந்துக்கடைக்காரர்கள் சுதேசி மருந்தை வாங்கத் தயங்கினார்கள். ராயின் நண்பர் அமூல்ய சரண் போஸ் ஒரு டாக்டர். அவர் கூட்டுச் சேர்ந்து, தன் டாக்டர் நண்பர்களை அந்த மருந்துகளை எழுதிக்கொடுக்க வைத்தார். இன்றைக்கு மெடிக்கல் ரெப் பையைத் தூக்கிக்கொண்டு செய்கிற அதே வேலை. என்னென்ன மருந்து என்று பார்த்தால் ஆச்சரியம்: காள்மேக் (நம்ம நிலவேம்பு), வாசகா சிரப் (ஆடாதொடை), அக்வா டைகோடிஸ் (வேறொன்றுமில்லை, ஓம வாட்டர்!). பாட்டி வைத்தியத்தை அளவோடு பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டி விற்றிருக்கிறார்கள். அமூல்ய சரண் 1898-ல் பிளேக்கில் இறந்துபோனார். ராய் கடையை மூடவில்லை. 1901-ல் அது லிமிடெட் கம்பெனி ஆனது.

'வாத்தியார் வாத்தியாராக மட்டும் இருக்கட்டும்' என்கிற கோஷ்டி எப்போதும் உண்டு. வெளி வேலை பார்த்தால் பாடம் கெட்டுப்போகுமாம். அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்களின் பெயர்களைச் சொல்கிறேன்: மேகநாத் சாஹா, சத்யேந்திரநாத் போஸ், ஞான் சந்திர கோஷ். பாடம் கெட்ட லட்சணம் இது.

1922-ல் வடக்கு வங்காளத்தில் பெரிய வெள்ளம். ராய்க்கு வயது 61. அவர் தலைமையில் நிவாரணக் கமிட்டி அமைந்தது, சயின்ஸ் காலேஜே நிவாரண ஆபீஸ் ஆனது. துணியும் அரிசியும் பணமும் அங்கே வந்து குவிந்தன. கூட நின்று வேலை பார்த்தவர்களில் சாஹாவும் ஒருவர். நட்சத்திரங்களின் வெப்பநிலைக்குச் சமன்பாடு எழுதிய அதே சாஹா, பின்னாளில் ஆறுகளையும் வெள்ளத்தையும் பற்றி விடாமல் எழுதினார். 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷன் வந்ததற்குப் பின்னால் அவருடைய எழுத்துக்கும் பங்கு உண்டு. இதை எந்த சிலபஸில் எந்த யூனிட்டில் படித்தார் என்று கேட்டால் என்ன சொல்வது?

இன்னொரு கோஷ்டியும் இருக்கிறது, கும்பிடுகிற கோஷ்டி. சயின்ஸ் காலேஜிலேயே ஒரு அறையில் வாழ்ந்தார், கதர் உடுத்தினார், 60 வயது ஆன 1921-லிருந்து சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார், ஆகவே மகான். எல்லாம் உண்மைதான். ஆனால் மகான் ஆக்கிவிட்டால் நமக்கு வேலை மிச்சம் பாருங்கள். மகானைப் போல நடக்க வேண்டாம், மாலை போட்டால் போதும். அவர் ஒன்றும் மகான் இல்லை. பையன்கள் டிகிரியையும் குமாஸ்தா வேலையையும் துரத்துகிறார்கள் என்று வாழ்நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்த ஒரு கோபக்காரர். எனக்கே ஒத்துவராத விஷயம் ஒன்று உண்டு. கெமிக்கல் ஃபேக்டரி நடத்திய மனுஷன் ராட்டை சுற்றச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் செய்தது எனக்கு இன்னும் புரியவில்லை.

இப்போது ஒரு கற்பனை. ராய் இன்றைக்கு ஒரு அரசு காலேஜில் வேலை பார்க்கிறார் என்று வையுங்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் வருட நடத்தை விதிகளில் 15-ஆவது விதி, முன் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது என்கிறது. மாநிலங்களிலும் இதே பாணிதான். ஐ.ஐ.டி. புரொபசர்கள் கம்பெனி தொடங்கலாம், அதற்குத் தனிக் கொள்கையே இருக்கிறது. நல்லது. அந்த வாசல் ஐ.ஐ.டி.க்கு மட்டும் ஏன்? சின்ன ஊர் அரசுக் கல்லூரியின் கெமிஸ்ட்ரி லெக்சரர் ஓம வாட்டர் தயாரிக்கலாமா என்று ஃபைல் போட்டால் எத்தனை மேஜை தாண்ட வேண்டும்? ட்யூஷன் எடுத்துச் சம்பாதித்தால் யாரும் கண்டுகொள்வதில்லை, ஊருக்கு உபயோகமாகப் பட்டறை போட்டால் மட்டும் மெமோ!

அந்தக் கம்பெனி 1980-ல் அரசுடைமை ஆனது. 2020-ல் கொரோனா சமயத்தில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கு அடிதடி நடந்தபோது பெங்கால் கெமிக்கல்ஸ் பெயர் திரும்பவும் செய்திகளில் அடிபட்டது. எங்கள் 'தொழில்முனைவோர்' பாடத்தில் டாடா இருக்கிறார், அம்பானி இருக்கிறார், பில் கேட்ஸ்கூட இருக்கிறார். ராய் இல்லை. இந்த செமஸ்டரில் 10 மார்க் கேள்விக்கு எலும்பு, மொட்டை மாடி, காக்கை எல்லாவற்றையும் எழுதி வைக்கப் போகிறேன். திருத்துகிறவர் மார்க் போட்டால் சொல்கிறேன் :-)