கூதிருக்கு ஒரு வீடு

கொடைக்கானலில் விடுமுறை வீடு கட்டுவது வசதியுள்ள குடும்பங்கள் பலவற்றின் கனவு. நமக்கு நெருங்கிய உறவினர் ஒருவரும் கட்டினார். மூன்று தலைமுறையும் ஆண்டுக்குச் சில நாட்களாவது ஒருசேரத் தங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். சரிவை ஒட்டி மூன்று அடுக்குகளாக இறங்கும் அமைப்பு. நடுவே உயர்ந்த கூடம். பள்ளத்தாக்கை நோக்கி முழுக்கக் கண்ணாடிச் சுவர். வரைபடத்தைக் கண்டு நாமும் வியந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

மே மாதத்தில் புதுமனை புகுந்தார்கள். வந்தவரெல்லாம் மெச்சினார்கள். அவ்வாண்டு தீபாவளிக்கு மீண்டும் கூடியபோதுதான் வீட்டின் குணம் தெரிந்தது. எண்பது கடந்த அப்பத்தாவின் அறை கீழடுக்கில், அடுப்படி மேலடுக்கில், இடையே இருபத்திரண்டு படிகள். கண்ணாடி வியர்த்து வழிந்தது. கூடத்தின் கதகதப்பெல்லாம் கூரைக்கு ஏறிற்று. நான்கு நாளும் அப்பத்தாவுக்குச் சோறு தட்டில் இறங்கி வந்தது. பேரப்பிள்ளைகள் மேலே ஓடியாடும் ஓசையைக் கேட்டபடி அவர் கம்பளிக்குள் கிடந்தார். "என்னைய ஊர்லயே விட்டுட்டு வந்திருக்கலாம்ப்பா" என்றார். மூன்று தலைமுறையும் ஒரு கூரையின் கீழ் இருந்தன, கூடி இருக்கவில்லை.

பிழை கட்டடக் கலைஞருடையது மட்டுமன்று. வீட்டைக் கற்பனை செய்த அனைவரும் மே மாதத்தை மட்டுமே கற்பனை செய்தோம். குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம் என்று ஆண்டுதோறும் வகுப்பில் ஒப்பிக்கச் செய்கிறவர்கள் நாம். வேனிலைத் தொல்காப்பியர் பாலைக்குத்தான் கொடுத்தார். இதைத் தேர்வுக்குரிய வாய்பாடாகக் கற்பித்தோமேயன்றி, மலையில் வாழ்வோர்க்குரிய அறிவாக எண்ணிப் பார்த்ததில்லை.

கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். 2009 நவம்பரில் நீலகிரியில் நிலம் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டது அந்த ஐப்பசியில்தான். கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவாயிற்று. காட்சிக்காகச் சரிவை வெட்டி வீடு வைப்போர் இதை நினைக்க வேண்டும். தாங்குசுவரின் பின்னால் தேங்கும் நீருக்கு வெளியேறத் துளையும் வடிகாலும் இல்லையேல், அந்நீரே சுவரைத் தள்ளும். சரிவை எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவு நல்லது. சில சரிவுகளில் கட்டாமல் இருப்பதே நல்லது.

அப்படியாயின் நவீன வீடே கூடாதா, காட்சி வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் நவீனம் என்பது கண்ணாடியின் பரப்பளவு அன்று. இங்கிலாந்தில் கட்டடக் கலை பயின்ற லாரி பேக்கர், இமயமலையின் பித்தோராகரில் பல்லாண்டு வாழ்ந்து, அவ்வூர் மக்களின் வீடுகளிடமிருந்து பாடம் கற்றார். கூதிரைப் பாடும் நெடுநல்வாடையிலும் அரண்மனையைக் கயிறிட்டு அளந்து வகுக்கிறார்கள். குளிருக்குச் சாளரங்களை அடைத்து, நெருப்பைச் சூழ்ந்து அமர்கிறார்கள். கலையும் கதகதப்பும் அங்கே பகையாக இல்லை.

பல தலைமுறைக்கான வீட்டை மூத்தவரின் முழங்காலிலிருந்து வரையத் தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து. அடுப்படி, கூடம், முதியவர் அறை, கழிப்பறை ஆகிய நான்கும் ஒரே தளத்தில் அமையட்டும். படிகள் இளையோருக்கு இருக்கட்டும். கூடம் தாழ்ந்ததாக, கணப்பைச் சுற்றி எல்லாரும் நெருங்கி அமரும் அளவினதாக இருக்கட்டும். காலை வெயில் விழும் பக்கத்தில், உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒரு சாளரம் போதும். பள்ளத்தாக்கு அதற்குள்ளும் தெரியும்.

நம் உறவினர் இப்போது அடுப்படியை ஒட்டிய சாமான் அறையை அப்பத்தாவுக்கென மாற்றிவிட்டார். அவர்தான் மலையேற இசையவில்லை.

கட்டவிருப்போர்க்கு ஒன்று சொல்வோம். வரைபடம் போடுமுன், ஐப்பசி மழையில் ஓரிரவு அவ்வூரில் தங்குங்கள். வீட்டின் மூத்தவரையும் அழைத்துச் செல்லுங்கள். யாமத்தில் அவர் விழித்தெழுந்தால் என்னென்ன தேடுகிறார் என்று பாருங்கள். அவையெல்லாம் அவர் கைக்கெட்டும் தொலைவில் இருக்குமாறு வீட்டை வரையுங்கள்.