சூனிய விசாரணையும் புத்தளத்துப் பிள்ளைகளின் வாக்குமூலமும்

உயர்தரம் படிக்கும் பிள்ளைகளோடு சில வாரங்களாக ஆர்தர் மில்லரின் ‘த குரூசிபிள்’ நாடகத்தை வாசித்து வருகிறேன். “ஷைத்தான், சூனியம் என்று எழுதின நாடகம் எங்கட பிள்ளைகளுக்கு என்னத்துக்கு சேர்?” என்று ஒரு மாணவியின் உம்மா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

1692இல் அமெரிக்காவின் சேலத்தில் (தமிழ்நாட்டுச் சேலம் அல்ல) சில சிறுமிகள், ஊரார் தங்களுக்குச் சூனியம் செய்ததாகக் குற்றஞ்சாட்டினார்கள். நீதிமன்றமும் நம்பியது. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். செய்ததாக ஒப்புக்கொண்டவர்கள் உயிர் தப்பினர். செய்யவில்லை என்று உறுதியாக நின்றவர்களே தூக்குமேடை ஏறினர். கம்யூனிஸ்டுகளைத் தேடி வேட்டை நடந்த காலத்தில், 1953இல், மில்லர் இதை மேடைக்குக் கொண்டுவந்தார். நாடகம் இறைநம்பிக்கையைக் கேலி செய்யவில்லை. அதில் தூக்குக்குப் போகும் ரெபெக்கா நர்ஸ் ஊரிலேயே பக்தி மிகுந்த மூதாட்டி. யாரும் கண்ணால் காணாத குற்றத்துக்கு எது சாட்சி என்பதுதான் அது கேட்பது.

புத்தளத்துப் பிள்ளைகளுக்கு இது புதிய கதையல்ல. மதுரங்குளியில் ஒரு தனியார் பாடசாலையில் தமிழ் கற்பித்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம், ‘நவரசம்’ என்ற கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் கொண்ட நூலே தீவிரவாதத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. நிரபராதி என்று புத்தளம் மேல் நீதிமன்றம் விடுவித்தது 2023 டிசம்பரில்.

சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ்வின் வழக்கு நாடகத்துக்கு இன்னும் நெருக்கமானது. 2020 ஏப்ரலில் கைதான அவர் 2022 பெப்ரவரி வரை தடுப்பில் இருந்தார். கரைத்தீவு மத்ரஸா மாணவர்களின் வாக்குமூலங்கள் அவருக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டன. அவை வற்புறுத்தி வாங்கப்பட்டவை என்று அந்தப் பிள்ளைகளில் சிலர் சார்பில் உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாகின. சேலத்துச் சிறுமிகள் தாமாகக் கத்தினார்கள். இங்கே, மனுக்கள் சொல்வதன்படி, பிள்ளைகளின் வாயில் வார்த்தையைத் திணித்தது விசாரிக்க வந்தவர்கள். என் பார்வையில் இது அதைவிட மோசம்.

ஆனால் வகுப்பை இந்த இடத்தில் நிறுத்துவது சரியில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவன் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பது நமக்கு இப்போது இலகுவாக வருகிறது. குற்றஞ்சாட்டும் ஊராரின் இடம்? பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை, வலையில் மீன் படவில்லை, மகளின் கலியாணம் தட்டிப்போகிறது என்றால் “ஆரோ செய்வினை செஞ்சிட்டாங்க” என்று நம் கரையோர ஊர்களிலும் பேச்சு எழும்பத்தான் செய்கிறது. சந்தேகம் போய் விழுவது பெரும்பாலும் ஆண் துணையில்லாத ஒரு பெண்ணின் வாசலில். சூனியம் உண்டு என்று நம்புவது வேறு, செய்தவள் இவள்தான் என்று விரல் நீட்டுவது வேறு. செய்தி வந்தால் விசாரித்துத் தெளியுங்கள் என்று சொல்லும் ஹுஜுராத் சூராவின் 6ஆம் வசனத்தை மேடைகளில் பொலிஸுக்கும் ஊடகத்துக்கும் எடுத்துக் காட்டுகிறோம். அந்தப் பெண்ணின் விடயத்தில் அதே வசனத்தை ஓதிக்காட்ட எத்தனை மஹல்லாக்களில் ஆளிருக்கிறது? அடுத்த வாரம் மூன்றாம் அங்கம், நீதிமன்றக் காட்சி. விரும்பினால் பெற்றோரும் வந்து உட்காரலாம் என்று அந்த உம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.