அதிரும் கைப்பிடியில் கைப்பேசி

தேக்காவில் உணவு விநியோகிக்கும் மோட்டார்சைக்கிளோட்டிகளுக்குக் கைப்பேசிதான் வழிகாட்டி. ஓட்டும்போது கையில் பிடித்தால் குற்றம். அதனால் கைப்பிடியில் பொருத்துகிறார்கள். சட்டத்துக்குச் சரி, கேமராவுக்குச் சரியில்லை.

கை நடுங்கினாலும் படம் தெளிவாக விழுவதற்காக, பல கைப்பேசிகளில் காந்தவிசை கேமரா வில்லையை எதிர்த்திசையில் நகர்த்துகிறது. கைநடுக்கம் நொடிக்குப் பத்து முறை அளவில்தான் இருக்கும். நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும் இயந்திரமோ நொடிக்கு 100 முறை அதிரும். தொடர்ந்து அதிர்ந்தால் இந்த நுண்ணமைப்பு பழுதாகிப் படத்தின் தரம் குறையலாம் என ஆப்பிள் நிறுவனமே 2021ல் எச்சரித்தது. சிறிய ஸ்கூட்டருக்கும் அதிர்வைத் தணிக்கும் பிடிமானத்தையே பரிந்துரைத்தது.

வாசலில் வைத்த உணவைப் படமெடுத்து அனுப்பச் சொல்பவை விநியோகத் தளங்கள். கேமரா கெட்டால் செலவு ஓட்டுநர் தலையில். 2025 ஜனவரி முதல் தள ஊழியர்களுக்கு வேலையிடக் காய இழப்பீடு உண்டு. ரப்பர் தணிப்பான் கொண்ட பிடிமானத்தையும் தளங்களே தரலாமே.