அறளை பெயர்ந்த முதியோரும் அரசின் கடமையும்

பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடலாகாது என்கிறது 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். கைவிடப்பட்டவர் பராமரிப்புச் சபையிடம் முறையிடவும் அது வழி செய்கின்றது. நல்ல சட்டமே. ஆனால் சப்பிரகமுவத் தோட்டங்களுக்கு இச்சட்டத்தைக் கொண்டுவருவோர் முதலில் ஒரு லயக் காம்பராவை அளந்து பார்க்கட்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி! அதற்குள் மூன்று தலைமுறை. விடியலில் மகள் கொழுந்தெடுக்கப் போகிறாள். மகன் கொழும்பில் கடைச் சிப்பந்தி. நள்ளிரவில் பால்கத்தியைத் தேடிக்கொண்டு மலையேறும் கிழவரை யார் காப்பது? 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவென விதிக்கப்பட்டது. அதனையும் இழந்து வீட்டிலிருக்க இயலாத மகளையா சட்டம் குற்றவாளியென்னும்?

பிறர் கதையாக இதனை எழுதவில்லை. கேகாலை மாவட்டத்து இறப்பர் மலையொன்றில் நாற்பது ஆண்டு பால் வெட்டிய எம் தந்தையார், இன்று 83 வயதில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சென்ற போயா தினத்தன்று கண்டோம். எம்மைத் தோட்டத் துரையென்று எண்ணி எழுந்து நின்றார். "தொரை, கடுதாசி வந்திருச்சுங்களா?" என்றார்.

எந்தக் கடுதாசி? 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போமென ஒதுக்கியதல்லவா? அன்று விண்ணப்பித்தவர் இன்னும் விடைக்குக் காத்திருக்கிறார். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பிரஜாவுரிமை பெற்றதை மறந்துவிட்டார். அண்மைய நினைவுகளை முதலில் அழிப்பது இந்நோயின் இயல்பு.

பின்னால் கற்ற மொழியும் அவ்வாறே நழுவக்கூடும். கிராமத்துக் கடையில் தடையின்றிச் சிங்களம் பேசியவர் அவர். இப்போது தமிழே எஞ்சியிருக்கிறது. இல்லத்துப் பணியாளர் இரக்கமுள்ளவர்களே. எனினும் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. "வயித்த வலிக்குது" என்று இரண்டு நாள் அரற்றியதைக் கூச்சலென்று குறித்துத் தூக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும் அதிகாரியுடன் தமிழில் கருமமாற்றும் உரிமையைத் தந்தது. ஆயினும் தன் பெயரையே மறந்தவர் உரிமை கோரி மனு எழுதுவாரா? அவர் கேளாமலே அரசு செய்தாக வேண்டும். தமிழ் முதியோர் உள்ள இல்லம் ஒவ்வொன்றிலும், இரவிலும் பகலிலும், தமிழறிந்த பணியாளர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். ஆளில்லையென்று சொல்ல வேண்டாம். நம் தோட்டத்துப் பெண்கள் கடல் கடந்து குவைத்திலே பிறருடைய தந்தையரைப் பராமரிக்கிறார்கள். அவர்களுக்கு இங்கே பயிற்சியும் மரியாதையான சம்பளமும் கொடுத்தாலென்ன?

தோட்டத்திலே குழந்தைகளுக்குப் பிள்ளை மடுவம் உண்டு. தாய் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டுமென்பதை ஒப்புக்கொண்ட நிருவாகம், கிழவருக்கும் அதே நியாயத்தை ஏன் ஒப்பக் கூடாது? மடுவத்தின் அருகே ஓர் அறை, ஓர் ஆயா, பகலுணவு, கேட்பது இவ்வளவே. கம்பனிகள் நட்டக் கணக்கைக் காட்டும். 1992இல் நிருவாகத்தை ஏற்ற நாள்தொட்டு அக்கணக்கைப் பலமுறை கேட்டிருக்கிறோம். தொழிற்சங்கங்களும், சந்தா நின்ற தொழிலாளியைப் பேரேட்டிலிருந்து வெட்டுவதோடு கடமை முடிந்ததென்று இருக்க வேண்டாம்.

யட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதித் தோழர்கள், தத்தம் தோட்டத்தில் இந்நிலையிலுள்ள முதியோர் எத்தனை பேர், பகலில் அவர்களைப் பார்ப்பவர் எவர் என்ற விபரத்தைத் திரட்டித் தரவேண்டும். அவ்விபரத்துடன் இரு மாவட்டச் செயலாளர்களையும் நேரிற் சந்திப்போம்.