ஓரடி போதும்!

திருக்கோவிலூர்ப் பெருமாள் உலகத்தையே அளந்தவர். நம் வீட்டு மின்சார மீட்டரும் அளக்கத்தான் செய்கிறது. ஆனால் பெருமாளின் அடி எல்லாருக்கும் ஒன்றுதான். மின்சாரத்துக்கோ வீட்டுக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு விலை!

சகோதரி, முன்னறையில் நாலு புடவையை அடுக்கி வியாபாரம் தொடங்கப் போகிறீர்களா? மிகவும் சந்தோஷம். அதற்கு முன் இதைக் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் வீடுகளுக்குக் கிடைத்துவரும் சலுகை. கடைக்கு அது கிடையாது. யூனிட் விலையும் அதிகம். புடவை விற்றாலும் விற்காவிட்டாலும் நிலைக் கட்டணம் வேறு.

"வீட்டு இணைப்பிலேயே இரண்டு விளக்கு எரிந்தால் யாருக்குத் தெரியும்?" என்று எண்ணி விடாதீர்கள். 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவு பொல்லாதது. கடை எப்போது ஆரம்பமாயிற்று என்று தெரியாவிட்டால், 12 மாதத்துக்குக் கணக்கிட்டு, கடைக் கட்டணத்தைப் போல் இரு மடங்கு வாங்கி விடுவார்கள். புடவை லாபம் அதிலேயே போய்விடும்.

பொருள் தயாரிக்கும் குடிசைத் தொழிலுக்கோ தனிக் கட்டணம். கடைக் கட்டணத்தைவிடக் குறைவு. விசாரிக்காமல் கடைக் கணக்கில் கட்டினால் அதுவும் நஷ்டம்தான்.

அடுப்புக்கும் இதே கதை: வீட்டுக்கு 14.2 கிலோ சிலிண்டர், வியாபாரத்துக்கு 19 கிலோ.

ஆகவே முதல் போடுமுன் மின்சார அலுவலகத்துக்கு ஒரு நடை போய், "என் தொழில் எந்தக் கட்டணத்தில் வரும்?" என்று கேட்டு வாருங்கள். மூன்றடி வேண்டாம், அம்மா. இந்த ஓரடி போதும்!