கடிகாரம் சொன்னது, கதிரவன் மறுத்தது



2017ஆம் ஆண்டு ரமளானின் முதல் வாரம். மதரஸாவுக்கு விடுமுறை. கொடைக்கானல் மலையில் காய்கறி பயிரிட்டு வாழும் என் பெரியத்தாவின் இல்லத்திற்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். நகரிலிருந்து விலகி, மேற்கு நோக்கிய சரிவில் அமைந்த வீடு அது. பள்ளிவாசலின் பாங்கோசை அங்கு எட்டாது. பிற்பகலிலிருந்தே மூடுபனி இறங்கி, எதிரே நின்ற மரங்களைக்கூட மறைத்துவிட்டது.

நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியது. கஞ்சியும் பேரீச்சம்பழமும் விரிப்பில் காத்திருந்தன. சென்னையில் பணிபுரியும் என் தங்கை மகன் தன் மணிக்கட்டை உயர்த்திப் பார்த்தான். அவன் அணிந்திருந்தது புதுமையான ஸ்மார்ட் கைக்கடிகாரம். மாலை 6.32 மணிக்கு அது மெல்ல அதிர்ந்தது. "மாமு, நேரமாகிவிட்டது" என்றான்.

பெரியத்தா தலையசைக்கவில்லை. "தம்பி, வெளிச்சம் இன்னும் குறையவில்லையே! இந்த மலையில் இந்த மாதத்தில் இவ்வளவு சீக்கிரம் பொழுது சாயாது. சற்றுப் பொறுங்கள்" என்றார்.

அந்த இடத்தில் மார்க்கம் கற்றவன் என்று எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். எழுபதைக் கடந்த முதியவரின் கண்ணைவிட இயந்திரத்தின் கணக்கு நம்பகமானது என்று நான் எண்ணினேன். "நோன்பு திறப்பதைத் தாமதப்படுத்தலாகாது" என்று கூறி, பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தை வாயிலிட்டேன். பிள்ளைகளும் பெண்களும் என்னைப் பின்பற்றினர். பெரியத்தா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்.

இரண்டு மூன்று நிமிடங்கள் சென்றிருக்கும். பனித்திரை விலகியது. மேற்கே, மலை விளிம்புக்கு மேலே, செம்பொன் தட்டாகக் கதிரவன் நின்றுகொண்டிருந்தான்!

அந்தக் கணத்தில் நான் அடைந்த நாணத்தை எழுத்தில் வடிக்க இயலாது. பெரியத்தா ஒரு சொல்லும் கூறவில்லை. சூரியன் முழுமையாக மறைந்த பிறகு, அமைதியாகத் தண்ணீரை எடுத்துப் பருகினார். அன்றைய நோன்பை நாங்கள் அனைவரும் பின்னர் களா செய்தோம். சூரியன் மறைந்துவிட்டதாக எண்ணி நோன்பு திறந்து, அது மறையவில்லை என்று பின்னர் தெரிந்தால், அந்நோன்பை மீண்டும் நோற்பதே பெரும்பான்மை இமாம்களின் தீர்ப்பாகும்.

பிழை எங்கே நேர்ந்தது? கடிகாரம் பொய் சொல்லியதா? இல்லை. அது மிகச் சரியாகவே கணக்கிட்டது. ஆனால் சென்னைக்கு உரிய கணக்கை அது கொடைக்கானலில் சொல்லியது! தன் கைப்பேசியின் சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாதென்று, இருப்பிடம் அறியும் வசதியை அந்தப் பிள்ளை அணைத்து வைத்திருந்தான். கைப்பேசி தான் இன்னும் சென்னையில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருந்தது. கைப்பேசி அறியாததைக் கடிகாரம் எங்ஙனம் அறியும்?

இவ்வகைக் கடிகாரங்களின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் எரிக் மிகிகோவ்ஸ்கி என்னும் கனடா நாட்டு இளைஞர், 'பெப்பிள்' என்ற கைக்கடிகாரத்தைத் தயாரிக்கக் 'கிக்ஸ்டார்ட்டர்' வழியே பொதுமக்களிடம் முன்பணம் கோரினார். ஏறத்தாழ 69,000 பேர் ஒரு கோடி டாலருக்கும் அதிகமாக அள்ளிக் கொடுத்தனர். 2013 சனவரியில் கடிகாரங்கள் அனுப்பப்படத் தொடங்கின.

அதன் சிறப்புகள் சில. வெயிலிலும் தெளிவாகத் தெரியும் கறுப்பு வெள்ளைத் திரை. ஒருமுறை சார்ஜ் செய்தால் ஏறக்குறைய ஒரு வாரம் உழைக்கும் சிக்கனம். ஓசை எழுப்பாமல் அதிர்ந்து மட்டுமே செய்தி சொல்லும் அடக்கம். குறை என்ன? மணி காட்டுவது போன்ற சில வேலைகளைத் தானே செய்யும். மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கைப்பேசியிடம் இரவல் வாங்க வேண்டும். அதே 2013இல் சாம்சங் நிறுவனம் வெளியிட்ட 'கேலக்ஸி கியர்' வண்ணத் திரையும் கேமராவும் கொண்டது. ஆயினும் நாள்தோறும் சார்ஜ் கேட்டது. தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் கைப்பேசியோடு மட்டுமே உறவாடியது.

பெப்பிள் நிறுவனம் 2016 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் சொத்துகளில் பெரும்பகுதியை வாங்கிய 'ஃபிட்பிட்' நிறுவனம், 2018 சூன் 30ஆம் நாளோடு அக்கடிகாரங்களுக்கான இணையச் சேவையை நிறுத்தியது. ஆர்வலர்கள் சிலர் தாமே முன்வந்து மாற்றுச் சேவை அமைத்து அவற்றுக்கு உயிரூட்டினர். பாட்டனார் கட்டிய சாவிக் கடிகாரம் பேரன் கையிலும் ஓடும். ஆனால் இக்கடிகாரங்களின் ஆயுளோ, அவற்றைச் செய்தவரின் கடை திறந்திருக்கும் காலத்தையும் பொறுத்தது!

தொழுகை நேரத்தையும் கிப்லாவையும் காட்டும் கைக்கடிகாரம் இவற்றுக்கு முன்பே வந்ததுதான். 'கேசியோ' நிறுவனத்தின் அத்தகைய கடிகாரத்தை வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கையில் நம்மில் பலர் கண்டிருப்போம். அதிலும் நாம் இருக்கும் ஊரைத் தேர்ந்து சொன்னால்தான் கணக்கு சரியாகும்.

ஊர் மாறினால் என்ன பெரிய வேறுபாடு வந்துவிடும் என்று கேட்கலாம். இந்தியா முழுமைக்கும் 1906 சனவரி முதல் ஒரே பொது நேரம் வகுக்கப்பட்டது. அது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. கொடைக்கானலோ ஏறத்தாழ 77.5 பாகையில் உள்ளது. ஒவ்வொரு பாகைக்கும் நான்கு நிமிடம். எனவே அங்கு சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12.20க்கு. சென்னையிலோ அது சுமார் 12.09க்கே வந்துவிடும். மாலையில் சூரியன் மறையும் நேரத்திலும் இரு ஊர்களுக்கும் வேறுபாடு உண்டு. சூன் மாதத் தொடக்கத்தில் அது சுமார் ஆறு நிமிடம். டிசம்பர் இறுதியிலோ பதினாறு நிமிடம் வரை நீளும். எங்கள் நோன்பு இந்த ஆறு நிமிட இடைவெளியில்தான் முறிந்தது.

அதோடு முடியவில்லை. உயரத்தின் கணக்கும் உண்டு. உயர ஏறுபவனுக்குத் தொடுவானம் தாழ்கிறது; ஆகவே சூரியன் சற்றுப் பிந்தியே மறைகிறது. கொடைக்கானல் நகரம் சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ளது. அத்தகைய உயரத்தில், மேற்கே தடையின்றித் தாழ்நிலம் தெரியும் இடத்தில் நிற்பவருக்கு, கடல்மட்டக் கணக்கைவிட ஏறத்தாழ ஐந்து நிமிடம் தாமதமாகவே சூரியன் மறையும். எதிரே வேறு மலைகள் நின்றால் தொடுவானம் உயர்ந்து இக்கணக்கு மாறும். மலைக்குப் பின்னால் சூரியன் ஒளிந்துகொள்வதை மட்டும் வைத்து மஃரிப் வந்துவிட்டதாகவும் கொள்ளலாகாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2011ஆம் ஆண்டு ரமளானில், துபாயின் புர்ஜ் கலீஃபா கோபுரத்தில் வசிப்போருக்கு அந்நகர மார்க்க அறிஞர்கள் ஓர் அறிவிப்புச் செய்தனர். 80ஆம் தளத்திற்கு மேலிருப்போர் இரண்டு நிமிடமும், 150ஆம் தளத்திற்கு மேலிருப்போர் மூன்று நிமிடமும் பொறுத்து நோன்பு திறக்க வேண்டும் என்பதே அது. ஒரே கட்டடத்தின் தளங்களுக்கிடையே இத்துணை வேறுபாடு எனில், மலையூருக்கும் கடற்கரை ஊருக்கும் சொல்லவும் வேண்டுமோ!

மறுநாள் காலை பெரியத்தா எங்களைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்திற்கு அழைத்துச் சென்றார். 1899இல் நிறுவப்பட்ட ஆய்வகம் அது. 1909 சனவரியில் ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்குதான் கண்டறிந்தார். 1904 முதல் தலைமுறை தலைமுறையாக இங்குச் சூரியனைப் படமெடுத்து வருகின்றனர். கணக்கில் தேர்ந்த விஞ்ஞானிகளே வானத்தை நோக்குவதைக் கைவிடவில்லை. நானோ வானத்தை நோக்கிய முதியவரைப் புறந்தள்ளிக் கணக்கை மட்டும் நம்பினேன்!

ஆயின் இக்கருவி வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்வது நீதியாகாது. என் பெரியம்மாவுக்குச் செவி கேளாது. ஸஹருக்கு எழ அலார ஓசை அவருக்கு உதவாது. யாராவது தொட்டு எழுப்ப வேண்டும். அந்த நாணம் நிகழ்ந்த இரவே, என் தங்கை மகன் தன் கடிகாரத்தில் ஊரைத் திருத்தி, அதைப் பெரியம்மாவின் மணிக்கட்டில் கட்டினான். விடியுமுன் கடிகாரம் அதிர்ந்தது. பெரியம்மா எவர் துணையுமின்றித் தாமே எழுந்து எங்களையெல்லாம் எழுப்பினார். "இனி நான் யாருக்கும் பாரமில்லை" என்று அவர் கூறியபோது எங்கள் கண்கள் பனித்தன. முதல் நாள் எங்களைத் தவற வைத்த அதே கருவிதான் மறுநாள் ஒரு முதிய பெண்மணிக்குத் தன்மானத்தைத் தந்தது.

சகோதர சகோதரிகளே! இக்கடிகாரம் அணிவோர் சிலவற்றைக் கருத்தில் கொள்ளுங்கள். பயணம் சென்றால் முதலில் ஊரைத் திருத்துங்கள். அஸர் நேரத்திற்கு ஷாபிஈ, ஹனஃபி இரண்டில் உங்கள் மத்ஹபு தேர்வு செய்யப்பட்டுள்ளதா என்று பாருங்கள். மலையூர்களில் அவ்வூர்ப் பள்ளிவாசலின் நேரத்தைக் கேட்டறியுங்கள். ஐயம் ஏற்பட்டால் சில நிமிடம் பொறுத்தலே பாதுகாப்பு. தொழுகையில் நிற்கும்போது பிறருடைய செய்திகள் மணிக்கட்டைத் தட்டாதவாறு அவற்றை நிறுத்தி வையுங்கள்.

கிப்லா முள்ளைச் சோதிக்கவும் ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வோர் ஆண்டும் மே 27, 28 நாள்களில் இந்திய நேரம் பிற்பகல் 2.48 அளவிலும், சூலை 15, 16 நாள்களில் 2.57 அளவிலும் சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேராக வருகிறது. அந்நேரத்தில் நம் ஊரில் சூரியன் நிற்கும் திசையே கிப்லா. கொடைக்கானலில் அது மேற்கிலிருந்து சுமார் 22 பாகை வடக்கே. சென்னையில் சுமார் 18 பாகை. நட்டு வைத்த ஒரு குச்சியின் நிழலே போதும். நிழல் விழும் திசைக்கு நேரெதிரே கிப்லா அமையும்.

அந்தக் கடிகாரம் இன்று இல்லை. மின்கலம் வலுவிழந்து என்றோ நின்றுபோனது. அதற்குப் பின் வந்தவை இருப்பிடத்தைத் தாமே அறிகின்றன; நாடித்துடிப்பையும் எண்ணுகின்றன. ஆயினும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் அன்றிலிருந்து தொடர்கிறது. நோன்பு திறக்கும் முன் பிள்ளைகளில் ஒருவர் வாசலுக்குச் சென்று மேற்கே பார்த்துவிட்டு வர வேண்டும். கடிகாரத்தை அணிந்திருப்பவர்தான் முதலில் செல்ல வேண்டும் என்பது நான் எனக்கே விதித்துக்கொண்ட நிபந்தனை.

வல்ல அல்லாஹ் நம் நோன்புகளையும் தொழுகைகளையும் உரிய நேரத்தில் நிறைவேற்றி, அனுபவம் மிக்க பெரியோரின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் பணிவையும் நமக்கு நல்குவானாக! ஆமீன்.